சிவப்பு அணைந்தால் ஒரு ஹாரன்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது.

ஆனால் இப்போது கிடையாது. முதலில் இதைக் கேளுங்கள்.

“கீஈஈஈ...ச்.”

சேலத்தில் பிரேக் வேலை மட்டும் பார்க்கிற நசீமாவின் பட்டறை வாசலில் ஒரு நீலக் கார் நின்றது. வெள்ளை வேட்டியோடு இறங்கியவர் தெய்வசிகாமணி. ஜவ்வரிசி ஆலைக்காரர். அறுபது வயது. நசீமாவுக்கு அதில் பாதி.

ஆனாலும் அவர்தான் கும்பிட்டார்.

“கண்ணு, நீதான் கடைசி. இனி எனக்குப் போக இடமில்ல.”

“என்னங்கய்யா பண்ணுது?”

“பிரேக் கத்துது. மிதிச்சா ஸ்டியரிங் உதறுது. பறக்கிற வண்டின்னு சொல்லி வித்தாங்க. ரெண்டு எருமைய கட்டி இழுக்கிற மாதிரி போகுது.”

“முன்னாடி யார் யார் பார்த்தாங்க?”

தெய்வசிகாமணி தொண்டையை மெல்லிசாக்கிக்கொண்டார்.

“டை கட்டின தம்பி ஒண்ணு. ‘சார், இது ரேஸ் வண்டிக்குப் போடுற மாதிரி பிரேக் சார். கொஞ்சம் பாடத்தான் சார் செய்யும்.’”

பிறகு கரகரப்பாக்கிக்கொண்டார்.

“அடுத்து ஒரு பெரியவர். ‘பேடு போச்சுங்க. டிஸ்க்கு போச்சுங்க. எல்லாம் போச்சுங்க.’ எல்லாத்தையும் மாத்துனாரு. ஒரே மாசம். மறுபடி கத்துது.”

“அப்புறம்?”

“என் மச்சினன். ‘திருஷ்டி மாமா! நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைங்க மாமா!’ வச்சேன்.”

“நின்னுச்சா?”

“எலுமிச்சம்பழ வாசனையோட கத்துச்சு.”

நசீமா சிரிக்கவில்லை.

(நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. பொறுங்கள்.)

“அப்படி என்னங்கய்யா அவசரம்?”

அவர் காரைப் பார்த்தபடி சொன்னார்.

“வெள்ளிக்கிழமை ஏற்காட்டுல என் பொண்ணுக்கு வளைகாப்பு. முடிஞ்சதும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அவ அம்மா இருந்தா அவ போயிருப்பா. இப்ப நான்தான். புள்ள சொல்லிட்டா: ‘அப்பா, அந்தக் கத்துற வண்டியில மலை இறங்க மாட்டேன். வாடகைக் கார் பிடிச்சுக்கிறேன்.’”

வேட்டி நுனியால் கார்க் கதவைத் துடைத்தார்.

“பொறந்த வீட்டுக்கு வாடகைக் கார்ல வருவாளாம், கண்ணு.”

நசீமா முன்சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடை எடுத்து அவர் கையில் வைத்தாள். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. சக்கரத்தோடு சுற்றும் தட்டு, சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

“வெந்திருக்குதுங்க. நாள் முழுக்கத் தேய்ஞ்சு தேய்ஞ்சு. இதோட மலை இறங்கினா, பாதியில பிரேக் பிடிக்காது. உங்க பொண்ணு சொன்னது சரி.”

அவர் முகம் வெளுத்தது.

“நான் பிரேக்கைத் தொடுறதே இல்லையே! எறும்பு மாதிரி போறவன் நான்.”

“வேற யாராவது ஓட்டுவாங்களா?”

“சாவியே குடுக்க மாட்டேன்.”

“சரி, ஒரு சுத்து போலாம். நான் பக்கத்துல உட்கார்றேன்.”

போனார்கள். வந்தார்கள். வழியெல்லாம் நசீமா ரோட்டைப் பார்க்கவே இல்லை.

“கண்டுபிடிச்சிட்டியா?”

“ம்.”

“அப்ப புதுசு போடு.”

“போட்டுடலாம். அடுத்த மாசம் மறுபடி வருவீங்க.”

“பின்ன என்னதான் பண்றது?”

நசீமா தன் ஸ்கூட்டர் சாவியை நீட்டினாள்.

“இப்ப நான் கார் ஓட்டுறேன். நீங்க பின்னாடியே வாங்க. பிரேக்கை லேசாத் தொட்டாலும் பின்னாடி சிவப்பு லைட்டு எரியும். அது அணையறப்ப எல்லாம் ஒரு ஹாரன் அடிங்க. அவ்வளவுதான்.”

ஜவ்வரிசி ஆலை முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

(சிரிக்காதீர்கள். இதுவும் இல்லை.)

கார் மெல்லப் போனது. சிவப்பு எரிந்தது. அவர் கட்டைவிரல் ஹாரன் மேல் தயாராக இருந்தது.

ரேஷன் கடை தாண்டியது. சிவப்பு.

பள்ளிக்கூடம் தாண்டியது. சிவப்பு.

காலி ரோடு. எதிரே ஒரு ஆடுகூட இல்லை. சிவப்பு!

கட்டைவிரல் வலித்தது. ஒரு தடவைகூட அமுக்கவில்லை.

புளியமரத்தடியில் கார் நின்றது. அவர் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு ஓடிப்போய் ஜன்னலில் தலையை விட்டார். நசீமாவின் வலது கால் ஆக்ஸிலேட்டரில். இடது கால் பிரேக்கில்.

“அட பாவமே! ரெண்டு காலால ஓட்டுறியா? ஒரு காலுதானம்மா இதுக்கு! கியரு போட வேண்டாத வண்டிக்கு இடது காலுக்கு என்ன வேலை? பேடு வேகாம என்ன பண்ணும்?”

“தப்புங்களா?”

“தப்பான்னா கேக்குற? மெக்கானிக்காம்! எந்த மடையன் உனக்கு இப்படிக் கத்துக் குடுத்தான்?”

“இப்பதாங்க கத்துக்கிட்டேன்.”

“இறங்கு, இறங்கு. நான் ஓட்டிக் காட்டுறேன். நீ பின்னாடி வா. லைட்டு அணைஞ்சா ஹாரன் அடி. காது கிழியுற மாதிரி அடிப்ப, பாரு.”

“சரிங்கய்யா.”

அவர் ஏறினார். முப்பத்தொரு வருஷம் கியர் வண்டி ஓட்டியவர் எப்படி உட்காருவாரோ அப்படி உட்கார்ந்தார். கிளம்பினார்.

பள்ளிக்கூடம் வந்தது. ஹாரன் இல்லை.

கண்ணாடியில் பார்த்தார். நசீமா பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். தலையை வெளியே நீட்டினார்.

“ஏம்மா, ஹாரன் ரிப்பேரா?”

“பீப்,” என்று ஒன்று அடித்துக் காட்டினாள். “நல்லாத்தான் இருக்குங்க.”

“அப்ப அடிக்க வேண்டியதுதானே?”

“அடிக்கத்தாங்க காத்துக்கிட்டிருக்கேன்.”

ரேஷன் கடை வந்தது. ஹாரன் இல்லை.

பட்டறை போர்டு தெரிந்தது. ஹாரன் இல்லை.

தெய்வசிகாமணி குனிந்து கீழே பார்த்தார்.

வலது கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. இடது கால், முப்பத்தொரு வருஷமாகக் கிளட்ச் இருந்த பக்கத்தைத் தேடிப் போய், கிடைத்த பிரேக்கின் மேல் சாய்ந்து சுகமாக உறங்கிக்கொண்டிருந்தது.

உறங்கும் பிள்ளையைத் தூக்குவது போல அதைத் தூக்கினார். ஓரமாக வைத்தார்.

எருமை இரண்டும் கயிறு அறுத்துக்கொண்டதுபோல் கார் முன்னால் துள்ளியது.

பின்னால் ஹாரன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது.

அதையும் மீறிக் கேட்டது, காருக்குள் அவர் சிரித்த சிரிப்பு.