திருட்டு ஈரம்

என் மனைவி மங்களத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஐப்பசிக் காலையில். நோய்ப்படுக்கையில் கண்ணைத் திறக்காமலே, “காத்து எந்தப் பக்கம் போகுது?” என்று கேட்டுச் சிரித்தாள். பலமுறை என்னிடம் கேட்டு அவளுக்கு மனப்பாடமாகிவிட்ட கதையில் வரும் கேள்வி அது. கதை இதுதான்.

மலைக்குக் கிழக்கே ஒரு நாடு. ஆடி, ஆவணியில் மேலைக்கடல் காற்று தன் மழையை மலைக்கு அந்தப்புறமே கொட்டிவிடும். இந்தப்புறம் வெறும் புழுதியோடு இறங்கும். ராஜா திருமலைக்கொழுந்துக்கு அதில் தீராத எரிச்சல்.

ஆவணிக் கடைசியில், மேற்கேயிருந்து கேளு என்ற மிளகு வியாபாரி பொதிமாடுகளோடு கணவாய் தாண்டி வந்தான். மூட்டையெல்லாம் ஈரம். தளபதி மாறவேள் அவனைச் சபைக்கு இழுத்துவந்தான்.

“மகாராஜா! நமக்கு வரும் மழையை வழியிலேயே திருடிவிட்டார்கள். இதோ, திருட்டு ஈரம்!”

“நனைஞ்சது என் குத்தமா தம்புரானே? கார்த்திகையில மகளுக்குக் கல்யாணம்!” என்று கேளு கதறினான்.

“போடு சங்கிலியை!” என்றார் ராஜா.

மந்திரி ஆனையப்பன் எழுந்தார். “அருமையான தீர்ப்பு. ஓலையில் எழுதிவிடலாம். அடுத்த நாட்டுக்குப் போகிற காற்றின் மழையில் வழியில் நனைகிறவன் திருடன். அவனுக்குச் சங்கிலி. சரிதானே?”

“யாராக இருந்தாலும்!” ராஜா முத்திரை குத்தினார்.

“உம்மை நல்லவர்னு நினைச்சேனே!” என்று கேளு மந்திரியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

ஐப்பசி பிறந்தது. காற்று திசை திரும்பி, கீழைக்கடலிலிருந்து மழையைக் கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் பெரிய ஏரி நிரம்பியது. ஏரி நிரம்பி வழியும் முதல் நாள், ராஜா குடையில்லாமல் கரையில் நின்று பூத்தூவ வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். ராஜா தொப்பலாக நனைந்தார். பக்கத்தில் தளபதியும் நனைந்தான்.

ஆனையப்பன் மட்டும் தாழங்குடை பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு கையில் அந்த ஓலை. தோளில் கேளுவின் காலிலிருந்து கழற்றிய சங்கிலி.

“மகாராஜா, காற்று எந்தப் பக்கம் போகிறது?”

“மேற்கே.”

“அங்கே யார் நாடு?”

ராஜாவின் குரல் இறங்கியது. “கேளுவின் நாடு.”

“அப்படியானால் கையைக் கொஞ்சம் நீட்டுங்கள்.”

“என்ன திமிர்!” தளபதி வாளை உருவினான்.

“அவசரப்படாதீர், தளபதி. உமக்கும் ஒன்று வேண்டுமே. யானைக் கொட்டடியில் தேடச் சொல்லியிருக்கிறேன்.”

ராஜா சிரித்த சிரிப்பில் தூவவேண்டிய பூத்தட்டு ஏரிக்குள் விழுந்தது. கேளு அன்றே விடுதலையானான். மகளுக்கு ஒரு பட்டுச்சேலையும் அவனோடு மலையேறியது. ஆனையப்பனுக்கு ராஜா தம் முத்துமாலையைப் போட்டார்.

ஓலையை வெள்ளத்தில் விட்டார்கள். சங்கிலி இருக்கிறது. ஏரி மதகைத் தூக்க அதைத்தான் கட்டியிருக்கிறார்கள்.