பப்பாளி மரத்துக்கு முதுகு காட்டி

“பழமா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிருங்கம்மா.”

சவரிராயன் உபதேசியார் மூங்கில் படலைத் திறந்து முழுதாக உள்ளே வருவதற்குள் கேட்டுவிட்டார். வயது அறுபத்து மூன்று. ஊர்க் கோயிலில் முப்பது வருடமாக ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர். அவருக்கே ஒரு சந்தேகம் வந்தால், மலையடிவாரத்தில் தனியாகத் தவமிருக்கும் பவுலின் என்கிற துறவியம்மாவிடம்தான் வருவார். அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்பட்டதில்லை.

“எந்தப் பழம்?” என்றார் பவுலின் அம்மா. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஏவாள் தின்ன பழம். அது மரத்துல காய்ச்சு, கையில பறிச்ச பழம்னு நான் சொல்றேன். என் வீட்டுக்காரி, அப்படி ஒரு பழமே கிடையாது, எல்லாம் உவமைங்கறா. எங்க வச்சுச் சொன்னா தெரியுமா? என்னோட தவக்கால வகுப்புல. ஊரே உட்கார்ந்திருக்கு.”

“ஊர் என்ன செஞ்சுது?”

“கை தட்டுச்சு.”

“உங்களுக்கா?”

உபதேசியார் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒன்பது நாளாக வீட்டில் பேச்சு இல்லை. அவர் மனைவி மதலேன் சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, “வச்சாச்சு” என்பாள். அவர் சாப்பிட்டுவிட்டு ஆட்டைப் பார்த்து, “உப்பு கம்மி” என்பார். இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக் கேட்டு ஆடு இளைத்துவிட்டது.

“பழந்தான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. அவகிட்ட காட்டிக்கறேன்.”

“நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் வந்தார்கள். ஒரே பேருந்து. அவர் முன்பக்கம் இறங்கினார், அவள் பின்பக்கம்.

பவுலின் அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“ரேஷன் கடை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். கொய்யா இருக்கு, வாழைப்பழம் இருக்கு, எது வேணும்னாலும் பறிச்சுச் சாப்பிடுங்க. அந்தப் பப்பாளியை மட்டும் தொடாதீங்க. விதைக்கு விட்டது.”

உபதேசியாருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. சோதனையா? இந்தப் பாடத்தை முப்பது வருடம் நடத்தியவனுக்கா?

முக்காலியைத் தூக்கிப் போட்டு, பப்பாளி மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணில் பட்டால்தானே ஆசை?

மதலேன் எதிரே மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் போனது.

“குரங்கு வந்திருக்கு,” என்றாள் மதலேன், சுவரைப் பார்த்து.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடக்கிக்கொண்டார். ஆடு இல்லாததால் தண்ணீர்க் குடத்தைப் பார்த்து, “சில பேருக்கு வாய் ரொம்ப நீளம்,” என்றார்.

“பெரிய குரங்கு.”

“அந்த வாயாலதான் வகுப்பே கெட்டுது.”

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

திரும்பினார். பப்பாளி தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. நிஜமாகவே பெரிய குரங்குதான். ஒரு கை அள்ளிக்கொண்டு கூரைக்கு ஏறிவிட்டது.

மதலேன் போய் ஒரு பாதியை எடுத்தாள். செக்கச்செவேல் என்றிருந்தது. வாசனை ஆளைத் தூக்கியது. காலையில் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடாததால் இரண்டு பேரும் வெறும் வயிறு. அவள் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். அடுத்த துண்டைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

“மண்ணு படாத பக்கந்தான். சாப்பிடுங்க.”

சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பத்து நாளுக்குப் பிறகு.

உபதேசியார் கையை நீட்டினார். வாங்கித் தின்றார். இன்னொரு துண்டு கொடுத்தாள். அதையும் தின்றார்.

படல் கிறீச்சிட்டது.

யார் முதலில் ஓடினார்கள் என்று தெரியாது. இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“உபதேசியாரே, எங்க இருக்கீங்க?”

எழுந்து வந்தார், பின்னாலேயே மதலேனும். வேறு வழியில்லை.

பவுலின் அம்மா மரத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். உபதேசியார் மீசையைப் பார்த்தார்.

“சாப்பிட்டீங்களா?”

“நான் பாட்டுக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தேம்மா. நீங்கதானே இவளைக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க? இவதான் கொண்டாந்து கையில குடுத்தா. நானும் தின்னேன்.”

அம்மா மதலேன் பக்கம் திரும்பினார்.

“அந்தக் குரங்குதாம்மா எல்லாத்துக்கும் காரணம்,” என்றாள் மதலேன். “அது பறிச்சுப் போடலேன்னா நான் எதுக்குத் தொடப்போறேன்?”

குரங்கு கூரைமேல் உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டிருந்தது.

அம்மா கூரையையும் ஒரு தடவை பார்த்தார்.

அப்போதுதான் உபதேசியாருக்குத் தன் குரல் தன் காதில் விழுந்தது. அது ஆதாம் சொன்ன பதில். வார்த்தைக்கு வார்த்தை. முதலில் அவளைத் தந்த கடவுள் மேல் பழி, அப்புறம் அவள் மேல். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் அதை நடித்துக் காட்டி, “இப்படியும் ஒரு ஆம்பளை உண்டா?” என்று எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

காது இரண்டும் சூடாயின. மதலேனைப் பார்த்தார். அவளும் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் சிவப்பு.

“அவ மேல தப்பில்லம்மா,” என்றார். “நான்தான் தின்னேன்.”

“நானுந்தான்,” என்றாள் மதலேன். “மொதத் துண்டு நான் தின்னது.”

பவுலின் அம்மா படலை நோக்கி நடந்தார்.

கதையில் அடுத்தது தோட்டத்தை விட்டுத் துரத்துவது என்று உபதேசியாருக்கு நன்றாகத் தெரியும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மதலேன் செருப்பைத் தேடினாள்.

அம்மா படலைச் சாத்தி, உள்பக்கமாகக் கொக்கியை மாட்டினார்.

“பப்பாளி மிச்சம் இருக்கா?” என்றார்.