மறைநகல் போய்ச் சேர்ந்த விதம்

மசமசப்பட்டி நூற்பாலையில் மின்னஞ்சல் சர்வர் புகைந்து அணைந்துவிட்டது. அது பார்த்த வேலையை அன்று ஒருநாள் கையால் பார்க்க, மேலாளர் மங்கையர்க்கரசி மூன்று பேரைப் போட்டார்: காத்தமுத்து, ஒச்சப்பன், பெரியாண்டி. மூவரும் சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள். வம்பே அதுதான்.

"சர்வர் கடிதத்தைப் படிக்காது. மேல இருக்கிற உறையைப் பார்த்துத்தான் கொண்டு சேர்க்கும்," என்று விளக்கினார் மங்கையர்க்கரசி. "மறைநகல், அதான் பி.சி.சி., வாங்குறவர் பேரு உறையில மட்டும் இருக்கும், உள்ள இருக்காது. சேர்த்ததும் உறையைக் கிழிச்சிடுங்க. அவருக்கு வந்தது யாருக்கும் தெரியக் கூடாது."

அன்றைய கடிதம் லேசுப்பட்டதல்ல. கேன்டீன் காண்ட்ராக்டர் சங்கிலியின் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதைக் கண்டித்து அவருக்கு ஒரு கடிதம், முதலாளிக்கு மறைநகல். மதியம் அடுத்த வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் முதலாளி அதைப் படித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆலை முழுக்க இன்னொரு வருடம் அதே தண்ணிதான்.

சங்கிலியின் கடிதம் ஒழுங்காகப் போய்விட்டது. முதலாளியுடையதைக் காத்தமுத்து பிரித்துப் பார்த்தான்.

"உள்ள சங்கிலி பேருதான இருக்கு? அடுத்தவங்க கடிதத்தை முதலாளிக்குக் குடுக்கலாமா?"

"சர்வர் படிக்காதுன்னு மேடம் சொன்னாங்கல்ல. நீ ஏன் படிச்ச?" என்றான் ஒச்சப்பன்.

காத்தமுத்து வெட்கப்பட்டுப் படித்ததை மறந்தான். அது அவனுக்குச் சிரமமாக இல்லை.

முதலாளியின் அறை கண்ணாடி அறை. உள்ளே அவருக்கு எதிரே சங்கிலி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பக் குடுத்தா சங்கிலிக்குத் தெரிஞ்சிடுமே?" என்றான் காத்தமுத்து.

"கடிதத்தை மறைச்சாலும் வாங்குற கை தெரியும்," என்றான் ஒச்சப்பன்.

"அப்ப வாங்குறவரையே மறைச்சிடணும்," என்றான் பெரியாண்டி.

மற்ற இருவரும் நெடுநேரம் யோசித்தார்கள். அதில் ஒரு குறையும் அகப்படவில்லை.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று முதலாளியை வெளியே கூப்பிட்டார்கள். கிடங்குக்குக் கூட்டிப்போய்ப் பஞ்சுச் சாக்கு ஒன்றில் அவரை இறக்கி, கடிதத்தையும் உள்ளே போட்டு, சாக்கின் வாயைத் தைத்து, மேலாளர் அறை மூலையில் நிறுத்தினார்கள். மறக்காமல் உறையைக் கிழித்தார்கள்.

மதியம் போய்விட்டது. காத்துக் கிடந்த சங்கிலி பசி தாங்காமல் தன் சாம்பாரைத் தானே சாப்பிட்டார். அதற்கப்புறம் அவர் ஒப்பந்தம் கேட்கவில்லை, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மங்கையர்க்கரசி மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "முதலாளிக்கு நகல் சேர்ந்துச்சா இல்லையா?"

"எந்த முதலாளிங்க மேடம்?" என்றார்கள் மூவரும்.

மூலையில் சாக்கு அசைந்தது. "அடேய், இந்த இருட்டுல எப்படிடா படிக்கிறது?"

பெரியாண்டி சாக்கின் பக்கம் குனிந்தான். "மெதுவாப் பேசுங்கய்யா. கடிதம் வந்தது உங்களுக்கும் தெரியக் கூடாதுன்னு இப்பதான் பேசி முடிச்சிருக்கோம்."