மூன்றேகால் சுற்று

மலையடிவாரத்து ஊரில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் தெரு ஒன்று இருந்தது. அங்கே பெயர் இல்லாமல் எந்தச் சாமானும் கிடக்காது. பிரித்து இறக்கிய அன்றே, எந்த வண்டியுடையது என்று வெள்ளைப் பெயிண்டில் அதன் மேல் எழுதிவிடுவார்கள். பெயர் தெரியாத சாமானை எடை போட்டு உருக்கப் போகும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதனால் அந்தத் தெருவில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது.

தெருக்கோடியில் சிராஜுதீனின் பட்டறை. அவருக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த பொன்னுத்தாய்க்கு நாற்பத்தெட்டு. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை மேஸ்திரி என்பாள்.

பொன்னுத்தாய் மலை மேல் இருக்கும் ஊர்க்காரி. பதினோரு வருடமாக ஒரு பழைய அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டினாள். திங்களும் வியாழனும் வீரக்கண்ணு என்பவரைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவாள். அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பஸ் நிற்கும் இடம்வரை நடக்க அவரால் முடியாது. அந்த ஊரில் வேறு கார் இல்லை; கீழிருந்து வாடகைக் கார் எதுவும் அவ்வளவு தூரம் மேலே வராது.

சனிக்கிழமை அடிவாரத்தில் அவள் வண்டியின் கியர்பாக்ஸ் உடைந்தது. திங்கள்கிழமை தவறிவிட்டது. வீரக்கண்ணுவுக்கு முகம் வீங்கியிருப்பதாகப் போன் வந்தது.

புதன் காலை பொன்னுத்தாய் ஒரு தள்ளுவண்டியில் வேறு கியர்பாக்ஸோடு வந்தாள். அதே தெருவில் பழைய சாமான் விற்கும் ராஜாமணியின் கடையில் எடுத்தது.

"கிடைச்சிருச்சு மேஸ்திரி. நம்ம வண்டியோடதேதான்."

"யார் சொன்னா?"

"எழுதியிருக்கே, அம்பாசிடர்னு."

"எழுதினா ஆயிருச்சா?"

"ராஜாமணி அண்ணன் எழுதியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன். அவர் ஸ்கூட்டர் மேலகூட லாரின்னு எழுதுவார். இது உங்க எழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காம வட்டம் போடுறது இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான்."

சிராஜுதீன் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். 'ம்' மேலும் 'ர்' மேலும் சின்ன வட்டங்கள் இருந்தன. அவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"சாக்பீஸ் எடுங்க அக்கா," என்றார்.

"மாட்டிறலாமே மேஸ்திரி. போல்ட் துளையெல்லாம் நான் பார்த்துட்டேன். அப்படியே பொருந்துது. நாளைக்கு வியாழக்கிழமை."

"எண்ணுங்க."

பெட்டியின் முன்பக்கத் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு. பின்பக்கத் தண்டில் ஒரு கோடு. பெட்டியை முதல் கியரில் போட்டார்கள். பின்தண்டு ஒரு முழுச் சுற்று வருவதற்கு முன்தண்டை எத்தனை முறை சுற்ற வேண்டும் என்று பொன்னுத்தாய் கையால் சுற்றி எண்ணினாள்.

"மூணேகால்."

"இப்போ உங்க பழைய பெட்டி."

பழைய பெட்டியில் மூன்றாம் கியரின் பற்கள்தான் நொறுங்கியிருந்தன. முதல் கியர் நன்றாக இருந்தது. எண்ணினாள்.

"கொஞ்சம் குறைய நாலு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டையும் மறுபடி எண்ணினாள். பிறகு இன்னொரு முறை. எண் மாறவில்லை.

"கூடு நம்ம வண்டியோடது," என்றாள். "உள்ள இருக்கிற பல்லு வேற."

"சுத்து குறைஞ்சா என்ன ஆகும்?"

"ஏத்தத்துல இழுவை குறையும்." அவள் குரல் இறங்கியது. "எறக்கத்துல கியர் வண்டியைப் பிடிச்சு நிறுத்தாது. பிரேக்கையே மிதிக்கணும். மிதிச்சுக்கிட்டே இருந்தா சூடேறி, பிரேக்கும் பிடிக்காது."

"எத்தனை வளைவு உங்க மலைக்கு?"

"பதினெட்டு."

பொன்னுத்தாய் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"அப்போ இது எந்த வண்டியோடது மேஸ்திரி?"

"தெரியாது."

அந்தச் சொல்லை அந்தத் தெருவில் அவள் கேட்டதில்லை.

"நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா. எட்டு வருஷம் ஆச்சு. பட்டறை வச்ச புதுசு. ராஜாமணி கொண்டுவந்து, இது என்ன பாய்னு கேட்டார். சுத்தி நாலு பேர் நின்னாங்க. துளையைப் பார்த்தேன். எழுதிட்டேன்."

"எண்ணிப் பார்க்கலையா?"

"அப்பவும் எனக்கு எண்ணத் தெரியும்."

பொன்னுத்தாய்க்குக் கோபம் வந்தது.

"நான் இதை எண்ணாமயே மாட்டியிருப்பேன். அந்த மனுஷனை ஏத்தியிருப்பேன். உங்க எழுத்தைப் பார்த்துட்டு."

"ஆமா அக்கா."

அவர் தின்னரில் துணியை நனைத்துப் பெயரைத் தேய்க்க ஆரம்பித்தார். பழைய பெயிண்ட் எளிதில் போகவில்லை.

தள்ளுவண்டியைத் திரும்ப எடுத்துப்போக ராஜாமணி வந்தார்.

"என்ன பாய், பெட்டியைக் குளிப்பாட்டுறீங்க? நாளைக்குக் கல்யாணமா?"

"பேரை அழிக்கிறேன்."

"அட, பேரை அழிச்சா இரும்பு ரேட்டுதான்யா! எட்டு வருஷமா என் கடையில அம்பாசிடரா இருந்துச்சு. உங்க வாசலுக்கு வந்ததும் அநாதை ஆயிருச்சா?"

"நான்தான் தப்பா எழுதினேன்."

ராஜாமணியின் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க. நீங்க எழுதிக் கொடுத்தது என் கடையில மட்டும் நாற்பது அம்பது சாமான் கிடக்கு. தெருப் பூரா எத்தனையோ. அதையெல்லாம் எவன் வாங்குவான்?"

"ஒவ்வொண்ணா எண்ணித் தர்றேன்."

"எண்ணி? தெரியலைன்னா என்ன எழுதுவீங்க?"

"தெரியாதுன்னு எழுதுவேன்."

"தெரியாதுன்னு எழுதின சாமானைத் தொடுறதுக்கு ஆள் வேணுமே!"

"வட்டம் போட்டதெல்லாம் உங்களுக்கு வேணாம்னா இங்க அனுப்புங்க."

ராஜாமணி பொன்னுத்தாயைப் பார்த்தார். "உன் வாத்தியாருக்கு வெயில் ஏறிருச்சு தாயி. ரெண்டு இளநி வாங்கிக் கொடு," என்றார். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

பெயர் போய்விட்டது. பெயிண்ட் இருந்த இடத்தில் இரும்பு வெளுத்துத் தெரிந்தது.

"அப்போ வேற பெட்டி தேடணும்," என்றாள் பொன்னுத்தாய். "இன்னிக்குள்ள எங்க கிடைக்கும்? வீரக்கண்ணு வீட்டுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"பேரைத்தான் அழிச்சேன். பெட்டியை வேணாம்னு சொல்லலையே."

"அதுக்கு?"

"மூடியைத் திறங்க."

திறந்தாள். பழைய ஆயிலை வடித்தார்கள். அதில் இரும்புத் துகள் இல்லை. அவர் சொன்னபடி ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தாள். எந்தப் பல்லும் மூளியாக இல்லை. ஒவ்வொரு கியராகப் போட்டு மறுபடி சுற்றினாள். இரண்டாவதுக்கு எத்தனை, மூன்றாவதுக்கு எத்தனை என்று சொல்லச் சொன்னார். சொன்னாள். கேட்டுக்கொண்டார். பிறகு அவரே ஜாக்கியைத் தூக்கிவந்தார்.

பெட்டியை மாட்டி முடிக்கும்போது மணி நான்கு.

வீரக்கண்ணு, அவர் மனைவி இருவரின் எடைக்கு மூன்று மணல் மூட்டைகளைப் பின் இருக்கையில் ஏற்றினார்கள். பொன்னுத்தாய் ஓட்டினாள். சிராஜுதீன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. ஆனால் ஏறியது. ஆறாம் வளைவில் திருப்பினார்கள்.

இறக்கத்தில் அவள் பழக்கத்தில் முதல் கியரைப் போட்டுக் காலை எடுத்தாள். வண்டி நிற்கவில்லை. பழைய பெட்டி பிடித்த அளவுக்கு இது பிடிக்கவில்லை. பிரேக்கை மிதித்தாள். வண்டி அடங்கியது.

"மூணேகால்," என்றார் சிராஜுதீன்.

அடுத்த வளைவுக்கு வெகு முன்பே மிதித்தாள். விட்டாள். மறுபடி மிதித்தாள். மூன்று வளைவு இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தாள். பிரேக் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். ஆறும்வரை நின்றார்கள். கீழே ஊர் தெரிந்தது. ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

போன் அடித்தது. வீரக்கண்ணுவின் மனைவி.

"பொன்னு, நாளைக்கு வண்டி வருமா? ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருந்தாரு. படுத்தா மூச்சு முட்டுது. சொல்லிரு, இல்லைன்னா கட்டில்ல வச்சாவது தூக்கிட்டு வரோம்."

பொன்னுத்தாய் போனை உள்ளங்கையால் பொத்தினாள்.

"மேஸ்திரி, எனக்குப் பயமா இருக்கு. இது எந்த வண்டியோடதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பேர் தெரியாத பெட்டியை நம்பி ஒரு உசுரை ஏத்தலாமா?"

"உங்க பழைய பெட்டிக்கு முதல் கியர்ல எத்தனை சுத்து?"

"கொஞ்சம் குறைய நாலு."

"அது எப்போ தெரியும்?"

"இன்னிக்குக் காலைல."

"அப்போ பதினோரு வருஷமா எதை நம்பி ஏத்தினீங்க அக்கா?"

பொத்திய கைக்குள்ளிருந்து, "பொன்னு, இருக்கியா?" என்று குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொன்னுத்தாய் கையை எடுத்தாள்.

"நாளைக்கு அவரை ஒரு மணி நேரம் முன்னாடியே கிளப்பி வைங்க," என்றாள் போனில். "நின்னு நின்னுதான் இறங்கணும்."