அரக்கு நிறத்தில் ஒரு ஃபேக்ஸ்

"அம்மா, கீழே சோதனைச் சாவடியில இருக்கிற ஃபேக்ஸ் மெஷின் கெட்டுப் போச்சு," என்றார் சீடர்.

குரு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன். மூணு தடவை அனுப்பிட்டேன். ஒண்ணும் சரியாப் போகலை."

"மெஷின் என்ன சொல்லுது?"

சீடரின் பெயர் அம்பலவாணன். சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர். குரு உமையாள் அவரைவிட வயதில் இளையவர். அதைப் பற்றி இருவருமே யோசித்ததில்லை.

ஆசிரமம் காட்டுக்குள் இருந்தது. மேலே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அடிவாரச் சாவடிக்கு ஒரு தாள் போக வேண்டும். வருவது யார், யாரைப் பார்க்க, எந்த வண்டி. அவ்வளவுதான் அதில் கேட்பது.

சாவடியில் இணையம் கிடையாது. தொலைபேசிக் கம்பியும், அதில் மாட்டிய ஃபேக்ஸ் மெஷினும் உண்டு. ஆசிரமத்தில் தொலைபேசிக் கம்பி கிடையாது. இணையம் உண்டு. அதனால் ஆசிரமத்திலிருந்து இமெயில் போகும். நகரத்தில் ஒரு நிறுவனம் அதை வாங்கி, ஃபேக்ஸாக மாற்றிச் சாவடிக்கு அனுப்பும்.

அந்த வேலை போன வாரம்தான் அம்பலவாணன் கைக்கு வந்தது. இன்றுதான் முதல் வண்டி.

அது இப்போது சாவடியில் நிற்கிறது. அதில் வருவது அவருடைய மகள்.

அவளுடைய கல்யாணப் பத்திரிகைதான் அவர் கடைசியாக அச்சடித்தது. கல்யாணம் முடிந்த மறுமாதம், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மலை ஏறிவிட்டார். அதன்பின் மகள் அவரோடு பேசவில்லை. திடீரென்று போன வாரம் ஒரு வரி எழுதினாள். வருகிறேன் என்று.

ஆறு மணிக்கு மேல் சாவடி கேட்டைத் திறக்கமாட்டார்கள். அதற்கப்புறம் அது யானைகளின் பாதை.

"நான் இறங்கிப் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்றார்.

"போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிரும்."

"இன்னிக்குத் திரும்பிப் போனா இனிமே வரமாட்டாம்மா."

குரு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"மூணு தடவை அனுப்பினீங்களே, என்ன ஆச்சு?"

அம்பலவாணன் சொன்னார்.

ஆசிரமத்தில் வனத்துறை கொடுத்த வயர்லெஸ் ஒன்று இருக்கிறது. யானை வந்தால் தகவல் சொல்வதற்கு. முதல் தடவை அனுப்பியதும் அதில் சாவடிக் காவலர் சொள்ளமுத்து கூப்பிட்டான்.

"சாமி, தாளு வந்துச்சு. ஒரே கறுப்பு. கரியை அள்ளிப் பூசிட்டீங்களா?"

"அது அரக்கு நிறம்பா. அரக்குத் தாள்ல தங்க எழுத்து."

"இங்கே கறுப்புதான் சாமி."

அம்பலவாணன் அரக்கு நிறத்தை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினார். மறுபடி வயர்லெஸ் கரகரத்தது.

"இப்போ வெள்ளைத் தாளு வந்துருக்கு. அங்கங்கே கொசு உக்காந்த மாதிரி புள்ளி."

"அதுதான் தங்க எழுத்து."

"தங்கத்தைக் கொசு தின்னுட்டுப் போயிருச்சு போல."

மூன்றாவது தடவை எல்லாவற்றையும் ஒரே படமாக்கி அனுப்பினார். அது சாவடிக்குப் போகவே இல்லை. 'செய்தியின் வடிவம் சரியில்லை' என்று ஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்தே திரும்பி வந்தது.

"வாயால சொல்றேனே, விடக்கூடாதா?" என்று காவலரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"எனக்கு அது போதும் சாமி. ரேஞ்சருக்குத் தாளு வேணும். தாளு இல்லாம ஒரு வண்டியை விட்டுட்டு நான் வாங்கிக் கட்டிக்கிட்டது எனக்குத்தான் தெரியும். சீக்கிரம் அனுப்புங்க. அந்தம்மா டிரைவர்கிட்ட, திரும்பிப் போயிரலாமான்னு கேக்குது."

இவ்வளவையும் குரு கேட்டுக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்திலிருந்த தானிய அறைக்குள் போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"அம்மா?"

"வெளியே நின்னு உங்க கடிதத்தைச் சொல்லுங்க," என்றது உள்ளிருந்து குரல். "மேலேயிருந்து வரிசையா."

அம்பலவாணன் மலைப்பாதையைப் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கதவருகே போனார்.

"மேலே நடுவில ஒரு தாமரை."

"கேக்கலை."

"தாமரைம்மா!" என்று கத்தினார். "இதழ் ஓரத்தில லேசா ரோஸ்."

"தாமரை என்ன சத்தம் போடும்? அடுத்தது."

"சுத்திலும் கொடிக் கரை போட்டிருக்கேன். நாலு மூலையிலயும் மயில்."

"கேக்கலை. அடுத்தது."

"அப்புறம் எழுத்து. அதைப் படிக்கிறேன். பேரன்பும் பெருமதிப்பும் நிறை காவல் பெருந்தகையீர், எம் ஆசிரமத்தின் அருள்நிழல் நாடி இன்று மலையேறி வருகின்ற அன்பர் ஒருவர்..."

"யாரு?"

"அன்பர்."

"எந்த அன்பர்?"

கதவின் மரத்தில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அம்பலவாணன் அதையே பார்த்தார்.

"என்னங்க, போயிட்டீங்களா?"

"என் மக," என்றார்.

"பேரு?"

"பூங்கோதை."

"எதுக்கு வர்றா?"

"என்னைப் பார்க்க."

"எதில வர்றா?"

வண்டி எண்ணைச் சொன்னார்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. குரு வெளியே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"இப்போ கேட்டுச்சு," என்றார். வெங்காயத்தைக் கையில் எடுத்தார்.

அம்பலவாணன் அங்கே நிற்கவில்லை.

கணினியில் பழைய கடிதத்தை மூடினார். புதிதாக ஒன்றைத் திறந்தார். அதன் ஓரத்தில், 'வெறும் எழுத்து மட்டும்' என்று ஒன்று இருந்தது. இத்தனை நாளும் அதைப் பார்த்திருக்கிறார். யாருக்கு இது வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

அதைத் தேர்ந்தெடுத்தார். வண்ணப் பெட்டி மறைந்தது. எழுத்துருப் பட்டியல் மறைந்தது. படம் சேர்க்கும் பொத்தானும் மறைந்தது. வெள்ளைத் திரையும் ஒரு துடிக்கும் கோடும் மிஞ்சின.

தட்டினார். அனுப்பினார்.

வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அது வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. பிறகு சொள்ளமுத்துவின் குரல்.

"வந்துருச்சு சாமி! ஒவ்வொரு எழுத்தும் தெரியுது. பூங்கோதை, என் மகள், என்னைப் பார்க்க வருகிறாள்... அடப் பாவமே, உங்க மகளா? இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"கேட்டைத் திறப்பா."

"திறக்கலாம். ஆனா ஒண்ணு. அந்தம்மா கையில ஒரு பிள்ளை இருக்கு. அதுக்கும் பேரு எழுதணும். ரேஞ்சர் தலையை எண்ணுவாரு."

அம்பலவாணன் வயர்லெஸைக் காதோடு ஒட்டிப் பிடித்தார்.

"பிள்ளையா?"

"ஆமா சாமி. கைப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாதா?"

"பேரு தெரியாதுப்பா," என்றார் அம்பலவாணன். "அவகிட்டயே கேட்டுச் சொல்லு."

கரகரப்பு. யாரோ எதையோ கை மாற்றினார்கள்.

"அப்பா."

அம்பலவாணன் எழுந்து நின்றுவிட்டார்.

"பூங்கோதை... அம்மாடி..."

"பேரு இன்னும் வைக்கலைப்பா. நீங்க வைக்கணும்னுதான் தூக்கிட்டு வந்தேன்." குரலில் கோபம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. "பொண்ணு. சீக்கிரம் எழுதுங்க. பசியில கத்துறா."

அம்பலவாணன் கணினி முன் உட்கார்ந்தார்.

காதுகுத்து, பெயர்சூட்டு, பூப்புனித நீராட்டு விழா என்று எத்தனையோ வீட்டுக் குழந்தைகளின் பெயரை அச்சுக் கோத்தவர் அவர். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் அடைமொழி, பின்னால் ஒரு பூங்கொத்து, சுற்றிலும் ஒளிவட்டம்.

துடிக்கும் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டினார். அனுப்பினார்.

வெளியே வெயில் மரங்களின் உச்சிக்குப் போயிருந்தது. வயர்லெஸ் பேசியது.

"அல்லி," என்று வாசித்தான் சொள்ளமுத்து. "அவ்வளவுதானா சாமி? முன்னாடி பின்னாடி ஒண்ணும் இல்லையா?"

"அவ்வளவுதான்."

"தெளிவா இருக்கு," என்றான் அவன். பின்னால் கேட்டுக் கம்பி கிறீச்சிட்டு மேலே எழும் சத்தம் கேட்டது.