கதிரு கட்டின கூடு

குருவிக்கு ஏது பள்ளிக்கூடம்னா கேக்கற, இளவரசு? பின்ன, கூடு என்ன மரத்துல தானாக் காய்ச்சுத் தொங்குதா? தூக்கணாங்குருவி மாதிரி நீ ஒரு முடிச்சு போட்டுக் காட்டு, அப்புறம் பேசு. ஒரு காட்டுல, குளத்தங்கரைப் பனைமரத்துல நடந்துச்சு அந்தப் பள்ளிக்கூடம். இடி விழுந்தும் பட்டுப்போகாத பனை அது. இடி விழுந்த அன்னிக்கு, பொந்துல தூங்கின ஆந்தை எழுந்து, "யாரு கதவைத் தட்டினது?"ன்னு கேட்டுச்சாம்... சரி, அது வேற கதை.

அங்க அஞ்சலைன்னு ஒரு அம்மாக் குருவி. அவ மகன் கதிரு. விடியகாலை குயில்கிட்டப் பாட்டு, மத்தியானம் பள்ளிக்கூடம். அவன் குரல் கேட்டா காடே காதைத் தீட்டிக்கும். அஞ்சலைக்குப் பெருமை தாங்காது.

ஆனா கூடு? பின்னுவான், பட்டுனு நார் அறுந்துடும். மறுபடி பின்னுவான், மறுபடி அறுந்துடும்.

பள்ளிக்கூடத்துல கிழக்குருவி வாத்தியார் கண்டிப்பானவர். அஞ்சலையைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு: "மழைக்கு முன்னாடி கூட்டைப் பிடிச்சு உலுக்குவேன். விழுந்தா இன்னொரு வருஷம் இதே வகுப்புதான். பாட்டை நிறுத்தும்மா!"

பக்கத்து மரத்து மைனா வேற. "பாட்டு சோறு போடுமா அக்கா? எம்பையனைப் பாருங்க, ஒழுங்காப் படிச்சான்!" அவ பையன் லட்சணம் தெரியாதா? காட்டோர டீக்கடைக் கூரையில உக்காந்து "இன்னொரு டீ"ன்னு கத்திக் கத்தி, கடைக்காரர் போட்டுக்கிட்டே இருந்தாராம். அதை விடு.

கதிரு அழுதான். "பாட்டை நிறுத்திடாதம்மா. தூங்காமக்கூடப் பின்னறேன்."

அஞ்சலை அவன் கிட்ட வந்தா. அவன் அலகுல இருந்த புல்லை வாங்கி வளைச்சுப் பார்த்தா. பட்டுனு ஒடிஞ்சுது.

"இதை எப்படா கிழிச்ச?"

"இப்பத்தாம்மா. பாட்டு முடிஞ்சு வந்து."

உச்சி வெயில்ல நின்ன புல்லு முறுகாம என்ன செய்யும்? பனி ஈரத்தோட கிழிச்சாத்தானே வளையும்! விடியகாலைதான் பாட்டுக்கு நல்லதுன்னு பையனை அங்க அனுப்பினது யாரு? அவதான்.

நேரா குயில்கிட்டப் பறந்தா. "ஐயா, கதிரு இனிமே சாயங்காலம் வரட்டும்."

"என்னம்மா பேசற? பாட்டுச் சாதகம்னா விடியகாலைதான்! எங்க வம்சத்து வழக்கம்."

"கோவிச்சுக்காதீங்க. காக்கா கூட்டுல வளர்ந்தவரு நீங்க. ஒரு புல்லாவது கிழிச்சிருக்கீங்களா? அது எப்போ முறுகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குயில் தொண்டையைக் கனைச்சாரு. கிளையைப் பார்த்தாரு. "சரி, சாயங்காலமே அனுப்பு. அந்தக் காக்கா விஷயத்தை மட்டும் பசங்க முன்னாடி பேசாத."

அன்னியிலேருந்து ஈரம் காயறதுக்குள்ள பின்னல், வெயில் சாஞ்சதும் பாட்டு. வானம் இருட்டிக்கிட்டு வந்த ஒரு நாள், வாத்தியார் வந்து கூட்டை உலுக்கினாரு. ஒரு நார் நகரல. தானே பிடிச்சுத் தொங்கிப் பார்த்தாரு. அப்பவும் நகரல. உள்ளேருந்து பாட்டு வருது!

"யாருடா அது, பரீட்சை நேரத்துல பாடறது?"

"நான்தான் ஐயா. நீங்க ரொம்ப நல்லா ஊஞ்சல் ஆட்டறீங்க!"

மைனா வாயே திறக்கல. அஞ்சலை திறந்த வாயை மூடல. "பாடறதும் எம்புள்ளைதான், கட்டினதும் எம்புள்ளைதான்!"னு மழை கொட்டறதுகூடத் தெரியாம மரத்துக்கு மரம் பறந்து சொன்னா.

நீதி: ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணு வரும்னு இல்ல, எதை எப்போ செய்யணும்னு தெரிஞ்சா ரெண்டும் வரும்.

டேய் இளவரசு, தூறுது பாரு! சைக்கிள்ல இருக்கற வயலின் பெட்டியை உள்ள கொண்டா! அது நனைஞ்சா சாயங்காலம் எதை வாசிப்ப?