தாண்டவராயருக்கு ஒரு விருந்து

ராஜாவும் இருந்து, இன்டர்நெட்டும் இருந்த ஒரே ஊர் நெல்லிமங்கலம். எப்படி என்று கேட்காதீர்கள், இருந்தது. மாறகேசரி மகாராஜா கொலுவில் உட்கார்ந்தபடியே செல்போனில் படம் பார்ப்பார். அரண்மனைக்கு மட்டும் இன்டர்நெட் கம்பி ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது.

கம்பி இலாகாவின் அதிகாரி தாண்டவராயர். ஒரு புதன்கிழமை அவர் சபையில் ஏட்டை விரித்தார்.

"மகாராஜா! பிராட்பேண்ட் கேட்ட வீடு நானூறு. நிலுவை ஒண்ணுகூட இல்ல!"

மகாராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பிரமாதம்! நாளைக்கு உமக்கு அரண்மனையில விருந்து!"

"அத்தனையும் பொய்!" என்றது ஒரு குரல்.

சபையே திரும்பிப் பார்த்தது. பூக்காரத் தெரு செங்கமலம் நின்றாள். அவள் அப்பா படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக முடியாது. வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலை ஒன்று தெய்வாதீனமாகக் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை முதல் வகுப்பு. அதற்குள் இணைப்பு வராவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

"மூணு மாசமா அலையுறேன் மகாராஜா. காலை ஒம்போதுலேர்ந்து சாயங்காலம் ஆறுக்குள்ள ஆள் வரும், வீட்டுலயே இருங்கன்னாங்க. கறிவேப்பிலை வாங்கக்கூட நான் தெருவுல இறங்கல. ஆறு மணிக்கு மெசேஜ் வருது, 'வீடு பூட்டியிருந்தது. விண்ணப்பம் முடிக்கப்பட்டது'ன்னு! திரும்பப் போட்டேன். திரும்ப அதே மெசேஜ். போன வாரம் 'இணைப்பு தரப்பட்டது. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'னு கேக்குறாங்க. வீட்டுல ஒரு முழம் கம்பி கிடையாது!"

தாண்டவராயர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஏட்டுல முடிஞ்சதுன்னு இருக்கேம்மா."

மகாராஜா தலையைச் சொறிந்தார். ஏடு ஒன்று சொல்கிறது, இவள் ஒன்று சொல்கிறாள். வழக்கம்போல விடங்கனைப் பார்த்தார். வாய்த்துடுக்குக்காகவே அரண்மனையில் வைத்திருந்த ஆள் அவன்.

"யார் சொல்றது நிசம்னு நாளைக்குத் தெரிஞ்சுடும் மகாராஜா. அந்த விருந்துப் பொறுப்பை மட்டும் எங்கிட்ட விடுங்க" என்றான் விடங்கன்.

வியாழக்கிழமை தாண்டவராயர் காலைப் பலகாரத்தைக்கூடத் தொடாமல், வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். தலைவாழை இலை போட்டார்கள். அடுக்களையிலிருந்து முருங்கைக்காய் சாம்பார் வாசனை வந்தது. வடை பொரியும் சத்தம் வந்தது. வடை வரவில்லை.

"எப்பய்யா பரிமாறுவீங்க?"

"ஒம்போதுலேர்ந்து ஆறுக்குள்ள வந்துடும்யா. இலையை விட்டு மட்டும் நகர்ந்துடாதீங்க" என்றான் விடங்கன்.

பன்னிரண்டு ஆயிற்று. தாண்டவராயர் அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "உங்கள் பசி எங்களுக்கு முக்கியம். வரிசையில் நீங்கள் பதினேழாவது" என்று பதில் வந்தது. உடனே ஒரு நாயனக்காரர் வந்து அவர் காதருகே உட்கார்ந்து, ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கினார். ஒரு மணி நேரம் வாசித்தார். பாவம், அவருக்கே அலுத்துப்போயிருக்கும்.

தாங்க முடியாமல் முகம் கழுவப் போனார் தாண்டவராயர். திரும்பி வந்தால் இலையைக் காணோம். பரிமாறுகிறவர் ஒரு ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: 'விருந்தாளி இலையில் இல்லை.'

"அடப்பாவி! இங்கதானே இருந்தேன்!"

"புது இலைக்கு மறுபடி எழுதிக் கொடுங்கய்யா."

எழுதிக் கொடுத்தார். புது இலை வந்தது. அதிலும் தண்ணீர் தெளித்ததோடு சரி.

மூன்று மணிக்குக் கட்டியக்காரன் வந்து நின்றான். "பராக்! பராக்! தாண்டவராயர் வயிறார உண்டார்! விருந்து இனிதே முடிந்தது! ஐயா, எத்தனை நட்சத்திரம் தருவீங்க?"

தாண்டவராயர் துள்ளி எழுந்தார். "எவன்டா உண்டது? ஒரு பருக்கை விழல! வெறும் இலை முன்னாடி ஆறு மணி நேரமா உக்காந்திருக்கேன்!"

சத்தம் கேட்டு மகாராஜாவே ஓடி வந்தார். விடங்கன் பணிவாக விருந்து ஏட்டை நீட்டினான்.

"இவர் சொல்றதை நம்பாதீங்க மகாராஜா. ஏட்டுல முடிஞ்சதுன்னு இருக்கு. நிலுவை ஒண்ணுகூட இல்ல."

மகாராஜா ஏட்டைப் பார்த்தார். வெறும் இலையைப் பார்த்தார். தாண்டவராயரின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, கிரீடம் கழன்று மடியில் விழுந்தது!

சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "தாண்டவராயரே, ஏணியை நீரே தூக்கும். செங்கமலம் வீட்டுல இணைப்பு வந்த பிறகுதான் உம்ம இலையில சோறு. மத்த வீடுகளுக்கும் நாளையிலேர்ந்து நீரே நேர்ல போகணும். இனி ஏட்டுல 'முடிந்தது'ன்னு வீட்டுக்காரங்கதான் எழுதணும்."

மூன்று மாதமாக ஆகாத வேலை ஒன்றரை மணி நேரத்தில் ஆனது. பசி அப்படி! ஐந்து மணிக்கு மகாராஜாவின் செல்போனில் செங்கமலத்தின் முகம் தெரிந்தது. "தெரியுதா மகாராஜா? அப்பாவும் கும்பிடுறார்!" என்று சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். சந்தோஷ அழுகைதான். அவளுக்குப் பின்னால் தாண்டவராயர் ஏணியை மடக்கிக்கொண்டு சோற்றுக்கு ஓடுவதும் தெரிந்தது.

மகாராஜாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. "விடங்கா, உனக்கு ஒரு முத்துமாலை! நாளைக்குக் காலையில உன் வீட்டுக்கே அனுப்பி வைக்கிறேன்."

விடங்கன் பதறிப்போய் மேல்துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான்.

"ஐயோ மகாராஜா, இப்பவே இதுல போட்டுடுங்க! நாளைக்குன்னா, 'வீடு பூட்டியிருந்தது'ன்னு எழுதிடுவாங்க!"